பச்சைக்கல் விற்க வருகிறார்கள், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். "ரப்பர் தோட்டத்தில் குழி தோண்டும்போது கிடைத்த மரகதம்" என்று சொல்லி ஒருவர் பச்சைக்கல் விற்கிறார். என் மாமனார் 22,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டார். மாமியாருக்கு விழுந்த சீட்டுப் பணம் அது.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் வைடூரியம் கிடைப்பது உண்மை. அந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவர் அவர். "வைடூரியம் வருகிற மண்ணில் மரகதம் வராதா சாரே?" என்று அந்த ஆள் கேட்டதும் நம்பிவிட்டார். அப்புறம் அந்த ஆள் டம்ளர் பாலில் கல்லைப் போட்டு, ஓரத்தில் பச்சை நிழல் விழுவதைக் காட்டியிருக்கிறார். பச்சைப் பாட்டில் துண்டைப் போட்டாலும் அப்படித்தான் தெரியும்! அந்த நேரம் பார்த்து ஒரு போன்: எர்ணாகுளத்தில் யாரோ 60,000 தருகிறார்களாம், உடனே வேண்டுமாம். மாமா பீரோவைத் திறந்துவிட்டார்.

கல் நெல்லிக்காய் அளவு. டார்ச் அடித்தால் உள்ளே வரை வெளிச்சம் போகும், பார்க்க அழகுதான். நாகர்கோவிலில் கல்லுக்குப் பட்டை தீட்டும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் கல்லைத் திருப்பி, அடிப்பக்கத்தில் பேனாக்கத்தியால் ஒரு இழுப்பு இழுத்தார். கோடு விழுந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது. மாமா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது ஃபுளோரைட், தம்பி" என்றார் பெரியவர். ஃபுளோரைட் என்பது மரகதத்தைவிட மென்மையான வேறொரு கனிமம். வைரத்துக்கு 10 என்று வைக்கும் கடினத்தன்மை அளவில் அது 4 தான். மரகதம் 7.5 முதல் 8 வரை, வைடூரியம் 8.5. அவை இரண்டிலும் கத்தி ஏறாது. கல்லின் மூலையில் பளபளவென்று முக்கோணமாக இருந்த முகங்களை "இயற்கையே தீட்டிய பட்டை" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஃபுளோரைட் உடைந்தாலே அப்படித்தான் பிளக்கும். மரகதம் ஆறுபக்கப் பென்சில் போல வளரும்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. புள்ளிக்கு அப்புறமும் காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தேன்: 62 கிராம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடி தொடாமல் முழுக்க மூழ்க விட்டேன். 19.5 காட்டியது, அதாவது கல்லின் அளவுள்ள தண்ணீரின் எடை. 62-ஐ அதால் வகுத்தால் 3.18, தண்ணீரைவிட அத்தனை மடங்கு கனம். அச்சு அசலாக ஃபுளோரைட். மரகதமாக இருந்தால் 2.7 சொச்சம் வந்திருக்கும்.

அந்த ஆளின் நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை. யாராவது இப்படிக் கல் கொண்டுவந்தால், காசு எடுப்பதற்கு முன் அடிப்பக்கத்தில் கத்தியால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கக் கேளுங்கள். மாமாவும் கேட்டிருக்கிறார், "கீறினால் விலை போய்விடும்" என்று கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார் அந்த ஆள்.

போன வாரம் நெய்யாற்றின்கரையிலிருந்து நண்பர் ஒருவர் போட்டோ அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார். அதே சிவப்பு வெல்வெட் துணி, வேறொரு பச்சைக்கல்.