எக்ஸ்ப்ளிஃபெப்: மெரோபெனெமுக்கு ஓய்வு தரக்கூடிய சென்னை மருந்து

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்த எக்ஸ்ப்ளிஃபெப் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்தின் முக்கியக் கூறான என்மெட்டாசோபாக்டம் சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் ஃபார்மாவின் கண்டுபிடிப்பு என்பதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளை இது அடக்கிவிடும் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். கடைசிக் கட்டத்துக்கென்று காக்க வேண்டிய மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் வகை ஆன்டிபயாட்டிக்குகளைத் தொடாமலேயே நோயாளியைக் குணமாக்க இது உதவுமா என்ற கேள்வியை வைத்தே இதை மதிப்பிட வேண்டும்.

ஒரு வேளை மருந்தில் 2 கிராம் செஃபிபிமும் அரை கிராம் என்மெட்டாசோபாக்டமும் உள்ளன. செஃபிபிம் 1996 முதல் அமெரிக்காவில் புழங்கும் பழைய மருந்து. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் சுரக்கும் இஎஸ்பிஎல் நொதிகள் அதைச் சிதைக்கத் தொடங்கிய பிறகு அதன் மதிப்பு சரிந்தது. அந்த நொதிகளோடு பிணைந்து அவற்றை முடக்குவதே என்மெட்டாசோபாக்டத்தின் வேலை. நீண்டகாலமாக நாம் அறிந்த டாசோபாக்டத்தின் ட்ரையசோல் வளையத்தில் ஒரேயொரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து இதை வடிவமைத்திருக்கிறார்கள். அந்தச் சிறு மாற்றத்தால் மூலக்கூறுக்கு ஒரு நேர்மின்னூட்டம் கிடைக்கிறது. ஏற்கெனவே உள்ள எதிர்மின்னூட்டத்தை அது ஈடுசெய்வதால், ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள நுண்துளைகளின் வழியே மருந்து எளிதாக உள்ளே செல்கிறது. செஃபிபிமும் இதே இயல்புடையது என்பதால் இரண்டும் பொருத்தமான இணை. புதிய மூலக்கூறு என்றாலே முற்றிலும் புதிய வடிவமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். எனக்கு இந்தச் சிக்கனம் பிடித்திருக்கிறது.

மூலக்கூறின் உரிமத்தைப் பெற்ற அலெக்ரா என்ற ஐரோப்பிய நிறுவனம் மருத்துவ ஆய்வுகளை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், ஆர்க்கிட் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, 2020இல் தனுகா லேபரட்டரீஸின் கைக்கு மாறியது. ஆன்டிபயாட்டிக் தொழிலின் நிலைமை அப்படி.

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அல்லியம் என்ற மூன்றாம் கட்ட ஆய்வு, சிக்கலான சிறுநீர்ப் பாதைத் தொற்றிலும் சிறுநீரகத் தொற்றிலும் இம்மருந்தைப் பைபரசிலின்-டாசோபாக்டம் என்ற பழைய கூட்டு ஆன்டிபயாட்டிக்கோடு ஒப்பிட்டது. எக்ஸ்ப்ளிஃபெப் பெற்றவர்களில் 79.1 விழுக்காட்டினரும் மற்ற பிரிவில் 58.9 விழுக்காட்டினரும் முழு வெற்றி கண்டார்கள்; அதாவது அறிகுறிகளும் தீர்ந்தன, சிறுநீரில் கிருமியும் ஒழிந்தது. இந்த இடைவெளி கண்ணைப் பறித்தாலும், நோயின் அறிகுறிகள் தீர்ந்ததை மட்டும் பார்த்தால் இரு பிரிவுகளும் ஏறத்தாழ அருகருகே நிற்கின்றன. சிறுநீரிலிருந்து கிருமி ஒழிந்ததில்தான் பெரிய வேறுபாடு. இதைவிட என்னை உறுத்துவது ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுத்த மருந்து. செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகள் இரத்தத்தில் பரவிய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான மெரினோ ஆய்வில், பைபரசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3 விழுக்காட்டினரும் மெரோபெனெம் பெற்றவர்களில் 3.7 விழுக்காட்டினரும் முப்பது நாட்களுக்குள் இறந்தார்கள். இஎஸ்பிஎல் தொற்று என்றதும் மருத்துவர்கள் மெரோபெனெமை நாட இத்தகைய முடிவுகளே காரணம். அப்படியிருக்க, மெரோபெனெமின் இடத்தைப் பிடிக்க வந்த மருந்து அதனோடு நேருக்கு நேர் மோதாமல், அதனிடம் ஏற்கெனவே தோற்ற மருந்தோடு மோதி வென்றிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் மருத்துவமனையில் தொற்றும் நிமோனியாவுக்கும் அனுமதி தந்துள்ளது. ஆனால் அல்லியம் ஆய்வு சிறுநீர்த் தொற்றை மட்டுமே சோதித்தது என்பதால், நுரையீரல் தொற்றில் இதை நான் அதே நம்பிக்கையோடு பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தியச் சூழலில் மிகப் பெரிய குறை, கார்பபெனெமையே சிதைக்கும் என்டிஎம் நொதியிடம் இது தோற்பதுதான். 2010இல் வெளியான ஆய்வொன்று, சென்னையில் சேகரித்த கிருமிகளில் மட்டும் 44 மாதிரிகளில் என்டிஎம்-1 இருந்ததைக் காட்டியது. இவ்வகை நொதிகளை என்மெட்டாசோபாக்டத்தால் முடக்க இயலாது. ஆகவே நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துச் சோதிக்கும் கல்ச்சர் அறிக்கை வந்து, கிருமி இஎஸ்பிஎல் வகையா, மெரோபெனெமுக்கும் அடங்காத வகையா என்று தெரிந்த பிறகே இந்த மருந்தின் உண்மையான பயன் விளங்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குத்துமதிப்பாகத் தொடங்குவதற்கு இது ஏற்றதன்று.

பயன்பாட்டில் சில தொல்லைகளும் உண்டு. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். மாத்திரை வடிவம் இல்லாததால், உடல் தேறிய நோயாளியை இதே மருந்தோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்காவிட்டால், செஃபிபிமால் மனக்குழப்பமும் வலிப்பும் வரக்கூடும். சிறுநீரகத் தொற்றோடு வருபவர்களில் பலருக்குச் சிறுநீரகமே தளர்ந்திருக்கும் என்பதால், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் முதல் நாளுக்குப் பிறகு இதைத் தொடரக் கூடாது. நுண்ணுயிரியல் ஆய்வகம் உள்ள பெரிய மருத்துவமனைகள் இதை இருப்பில் வைத்துக்கொள்ளலாம். கல்ச்சர் வசதியே இல்லாத சிறு மருத்துவமனைகள் இப்போதைக்கு வாங்க வேண்டியதில்லை.