கல்யாணக் கேசட்டை மாற்ற: வயர் முக்கியமா, டெக் முக்கியமா?

அக்காவின் கல்யாணம் 1993-இல் நடந்தது. இரண்டு வி.எச்.எஸ். கேசட். உறையில் அப்பாவின் கையெழுத்தில் ‘முகூர்த்தம்’, ‘ரிசப்ஷன்’. அப்பா இப்போது இல்லை. அவர் நடந்து, பேசி, பந்தியில் விசாரிக்கிற காட்சி இந்த டேப்பில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் இதைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்ற ஒவ்வொரு வழியையும் பொறுமையாக ஓட்டிப் பார்த்தேன்.

டெக்கிலிருந்து (கேசட் ஓட்டும் வி.சி.ஆர்.) டிவிக்குப் போகும் ஆன்டெனா வயரை விட்டுவிடலாம். படம் முழுக்கப் புள்ளி மழை. மிச்சம் இருப்பது படத்துக்கான மஞ்சள் பின் வயரும் எஸ்-வீடியோ வயரும்.

டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகின்றன. மஞ்சள் வயர் இரண்டையும் கலந்து அனுப்பும். கம்ப்யூட்டர் பக்கத்துக் கருவி அதைத் திரும்பப் பிரிக்க வேண்டும். எஸ்-வீடியோவில் இந்தக் கலப்பே கிடையாது. அப்படியானால் எஸ்-வீடியோதான் என்று தோன்றும். ஆனால் என் கேசட்டில் கிடைத்த லாபம் சின்னதுதான். கூறைப்புடவை ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருந்த புள்ளிகள் நின்றன. சிவப்பு கசிந்து அக்காவின் கைமேல் படர்வது அப்படியே இருந்தது. அந்தக் கசிவு டேப்பிலேயே இருக்கிறது, எந்த வயரும் அதைச் சரிசெய்யாது. சாதாரண வி.எச்.எஸ். தருவதே சுமார் 240 கோடு அளவுத் தெளிவு. 400 வரை தரும் எஸ்-வி.எச்.எஸ். (வி.எச்.எஸ்.ஸின் மேம்பட்ட வகை), ஹை8 (கேமராவில் போடும் 8 மி.மீ. வகை) டேப்புகளுக்கு எஸ்-வீடியோ கட்டாயம் வேண்டும்.

பெரிய வித்தியாசம் டெக்கை மாற்றியபோதுதான் தெரிந்தது. பழைய டெக்கில் மண்டபத் தூண்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்தன. டேப் ஓடும் வேகம் கொஞ்சம் தடுமாறினாலும் ஒவ்வொரு கோடும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கும், அதனால் வரும் நெளிவு அது. நண்பரிடம் இரவல் வாங்கிய எஸ்-வி.எச்.எஸ். டெக்கில் ‘டைம் பேஸ் கரெக்டர்’ இருந்தது. கோடுகளைப் பிடித்து வைத்து, ஒழுங்கான நேரத்தில் வெளியே விடும் சர்க்யூட் அது. தூண்கள் நேராக நின்றன, அப்பாவின் முகமும்தான். கையில் காசு குறைவு என்றால் வயரில் மிச்சம் பிடித்து டெக்குக்குச் செலவழியுங்கள். புதுசு கிடைக்காது, ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியதோடு புது வி.சி.ஆர். கதை முடிந்துவிட்டது.

அக்கா மகனின் காதுகுத்து ஹை8 டேப்பில் இருக்கிறது. இதற்கு வேறு வழி: 1999-இல் வந்த டிஜிட்டல்8 ஹேண்டிகேம் கேமரா. எல்லா மாடலும் அல்ல, சில மாடல்கள் பழைய 8 மி.மீ. டேப்பையும் ஓட்டி, ஃபயர்வயர் என்ற கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு நேரடியாக DV என்ற டிஜிட்டல் வீடியோ வடிவத்திலேயே அனுப்பும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. படமும் சத்தமும் பிசகவில்லை, மலிவான யு.எஸ்.பி. குச்சியில் (படத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் சின்னக் கருவி) எடுத்தபோது கடைசியில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஆனால் ஃபயர்வயரும் விடைபெறுகிறது. புது லேப்டாப்பில் அந்தத் துளையே இல்லை. ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம், எந்த வழியானாலும் முதலில் கேசட்டின் மூடியைத் தூக்கி டேப்பைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். எங்கள் ‘ரிசப்ஷன்’ அப்படித்தான் இருக்கிறது. சுத்தம் செய்யத் தெரிந்தவர் கிடைக்கும்வரை அதை டெக் பக்கமே கொண்டுபோகப் போவதில்லை.