61 நாள் தடையா, நிரந்தரப் பூங்காவா? மன்னார் வளைகுடாவின் லாப நட்டம்

மன்னார் வளைகுடாவில் மீன்வளத்தைக் காக்க இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். மற்றது, 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா: 21 தீவுகள், சுமார் 560 சதுர கிலோமீட்டர். நோக்கம் ஒன்றுதான். நட்டம் விழுகிற வீடுதான் வேறு.

தடைக்காலத்தில் கரையேறி நிற்பவை விசைப்படகுகள். அந்த நாட்களில் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையைச் செப்பனிடுவார்கள். மீனவக் குடும்பத்துக்கு அரசின் நிவாரணம் உண்டு; போதாது என்ற முணுமுணுப்பும் உண்டு. மீன்வரத்துக் குறைவதால் நாட்டுப்படகுக்காரருக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் தடை முடிந்ததும் எல்லாப் படகும் ஒன்றாகக் கடலில் இறங்கி, இரண்டு மாதம் வளர்ந்ததை வேகமாக வாரிவிடும். ஏலத்தில் விலையும் சரியும்.

பூங்காவில் இது அப்படியே தலைகீழ். கரையோரக் கடலில் விசைப்படகு தொழில் செய்யச் சட்டம் முன்பே இடம் தரவில்லை. தீவோரத்தை நம்பிப் பிழைத்தவர்கள் நாட்டுப்படகுக்காரர்களும் கடற்பாசி எடுக்கும் பெண்களும்தான். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருபவர்கள் அவர்கள். தீவோரத்தில் தொழில் செய்யக் கூடாது என்று சொல்லி, இருப்பதில் ஏழையான வீட்டின் வருமானத்தில்தான் பூங்கா கைவைத்தது. ஈடாக வந்தவை பெரும்பாலும் சிறுகடனும் மாற்றுத் தொழில் பயிற்சியும்.

பலன் என்று பார்த்தால் நிரந்தரப் பாதுகாப்பின் கை ஓங்கியிருக்கிறது. ஹவாய்த் தீவுகளையொட்டிய பாப்பஹானௌமோகுவாக்கேயா கடல் காப்பகத்தை 2016இல் விரிவாக்கியபோது சூரை (டூனா) மீன் பிடிக்கும் தூண்டில் கப்பல்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2022இல் வெளியான ஆய்வோ, காப்பக எல்லையை ஒட்டி மஞ்சள் துடுப்புச் சூரை கிடைக்கும் வீதம் 54% கூடியிருப்பதாகச் சொன்னது. அந்தக் கப்பல்கள் எல்லையோரம் போய்க் காத்திருந்து பிடிக்கலாம். முங்கிப் பாசி எடுக்கும் பெண் எங்கே போவாள்?

அதற்காகப் பூங்காவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. மீன் குஞ்சு பொரிக்கும் பாறையே போனபின் 61 நாள் தடை எதைக் காப்பாற்றும்? பூங்கா இருக்கட்டும். தடைக்காலத்துக்குத் தருவதுபோல, தீவோரத் தொழிலை இழந்த வீடுகளுக்கும் ஆண்டுதோறும் நிவாரணம் கொடுக்க வேண்டும். பாசி எடுக்க மாதத்தில் இத்தனை நாள் என்று அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டும்.