வீடு கட்டும் வேலைக்கு ஏ.ஐ.: வேலூர் கான்ட்ராக்டர்களுக்கு ஒரு நேரடி மதிப்பீடு

சத்துவாச்சாரியில் ஒரு வீடு ரூஃப் நிலையில், காட்பாடியில் ஒன்று பேஸ்மட்டத்தில், அரியூரில் ஒன்று பூச்சில். இப்படி ஒரே நேரத்தில் மூன்று வேலை ஓட்டும் சின்ன கான்ட்ராக்டருக்குத் திட்ட மேலாண்மை என்பது ஒரு நோட்டு, ஒரு வாட்ஸ்அப் குரூப், மீதி ஞாபகம். அந்த ஞாபகத்தின் சுமையை சாட்ஜிபிடி, ஜெமினி, நோட்புக் எல்.எம். ஆகிய மூன்று ஏ.ஐ. கருவிகளும் எவ்வளவு தாங்கும் என்பதுதான் இங்கே கேள்வி. பிரைமவேரா, எம்.எஸ். புராஜெக்ட் போன்ற பெரிய திட்ட மேலாண்மை மென்பொருள்களோடு ஒப்பிடவில்லை. பத்து சதுரம் (1,000 சதுர அடி) வீட்டுக்கு அவை தேவைப்படாது.

தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடலாம். சைட்டில் நடந்ததை அன்றன்றைக்கு எழுதி வைக்கும் கணக்குப்பிள்ளை வேலைக்கு இவை தாராளமாகப் போதும். இன்ஜினியர் நாற்காலியில் உட்கார வைத்தால் வீட்டுக்கு ஆபத்து. கணக்குப்பிள்ளை வேலையும் ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் நம் ஊர்ச் சொற்களுக்கு அர்த்தம் எழுதிய ஒரு பக்கத்தை முதலில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பக்கம் இல்லாமல் இறங்கியவர்கள்தான் "ஏ.ஐ. சரிப்பட்டு வராது" என்று ஒரே வாரத்தில் கைவிடுகிறார்கள்.

சாயங்காலம் மேஸ்திரி அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சார், இன்னிக்கு பெரியாள் நாலு, சித்தாள் மூணு, அதுல ஒருத்தங்க அரை நாள். லிண்டல் கம்பி கட்டிகினு கீறாங்க. ஜல்லி ரெண்டு யூனிட் எறங்கிச்சி. சிமெண்ட் இருபது மூட்டை கீது. நாளான்னிக்கு கான்கிரீட்."

இதை அப்படியே கொடுத்தால் ஐந்து இடத்தில் சறுக்க வாய்ப்பு உண்டு. "கீறாங்க" என்பதைக் கீறுவதாக எடுத்துக்கொண்டு குழம்பும். அல்லது "கட்டிகினு" என்பதை "கட்டியாச்சு" என்று எழுதி, முடியாத வேலையை முடிந்ததாகக் காட்டும். "இருபது மூட்டை கீது" என்றால் கையிருப்பு. அதை இன்று வந்த சரக்கு என்று பதிவு செய்யும். "ரெண்டு யூனிட்" என்பதை இரண்டு எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளும். அரை நாள் ஆளை முழு ஆளாக எண்ணும். "நாளான்னிக்கு" என்பது எந்தத் தேதி என்று தானே ஊகிக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னத் தவறுகள்தான். ஆனால் சனிக்கிழமை கூலிப் பட்டுவாடாவில் ஒவ்வொன்றும் காசாகத் தெரியும்.

அதற்குத்தான் சொற்பக்கம். அதில் இருக்க வேண்டியவை: ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. பேஸ்மட்டம் என்றால் தரைமட்டத்துக்கு மேலே எழுப்பும் பீடம். பூமிக்கு அடியில் உள்ள அறை அல்ல. சென்ட்ரிங் என்றால் கான்கிரீட்டுக்கு அடியில் அடிக்கும் தற்காலிகப் பலகை, ஷீட், முட்டு. நிலை என்றால் கதவின் சட்டம். "கட்டிகினு, போட்டுகினு" என்றால் வேலை நடக்கிறது. "ஆச்சு, முட்ச்சாச்சு" என்றால்தான் முடிந்தது. "கீது, கீறாங்க" என்றால் இருக்கிறது, இருக்கிறார்கள். "எறங்கிச்சி" என்றால் வரவு. "மிச்சம்", "கீது" என்றால் இருப்பு. லோடு என்பது அளவே அல்ல. வண்டிக்கு வண்டி மாறும். அதனால் லோடு என்று வந்தால் எத்தனை யூனிட் என்று திருப்பிக் கேட்கச் சொல்ல வேண்டும்.

பேஸ்மட்டம் என்ற சொல்லை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். விளக்கம் இல்லாமல் விட்டால் நிலத்தடி அறை என்று நினைத்துக்கொண்டு, தடுப்புச் சுவர், தண்ணீர் இறைத்தல், வாட்டர்ப்ரூஃபிங் என்று மூன்று வார வேலையை அட்டவணையில் சேர்த்துவிடும். வீட்டுக்காரர் அதைப் படித்தால் எஸ்டிமேட்டில் ஏன் இது இல்லை என்று கேட்பார்.

இந்தப் பக்கத்தைத் தினமும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாட்ஜிபிடியில் புராஜெக்ட்ஸ் என்ற பகுதி இருக்கிறது, ஜெமினியில் ஜெம் என்ற வசதி. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒன்று திறந்து, சொற்பக்கத்தை நிரந்தரக் குறிப்பாகப் போட்டுவிடலாம். எல்லா வீட்டையும் ஒரே உரையாடலில் ஓட்டாதீர்கள். சத்துவாச்சாரி சிமெண்ட் காட்பாடி கணக்கில் ஏறுவது அங்கேதான். உரையாடல் வாரக்கணக்கில் நீண்டால் பழைய பதிவுகள் நழுவவும் செய்யும். ஆகவே கணக்கு வாழ வேண்டிய இடம் கூகுள் ஷீட். ஏ.ஐ. அன்றன்றைக்கு ஒரு வரி தயாரித்துக் கொடுக்க மட்டும்.

தினசரி கட்டளையைச் சுருக்கமாக வையுங்கள்: "கீழே உள்ள செய்தியைத் தேதி, பெரியாள், சித்தாள், நடக்கும் வேலை, முடிந்த வேலை, வரவு, இருப்பு, நாளைய தேவை என்ற பத்திகளாகப் பிரி. இன்று 12-06, வெள்ளி. சொல்லாததை நிரப்பாதே, காலியாக விடு. சந்தேகம் இருந்தால் கேள். கூட்டல் செய்யாதே." கடைசி இரண்டும்தான் உயிர். கேட்கச் சொல்லாவிட்டால் இது கேட்காது, தோன்றியதை எழுதிவிடும். வாரக்கூலியின் மொத்தத்தை உரையாடலுக்குள் கூட்டச் சொன்னால் சரியாக வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. எந்த நாள் எது என்று பார்த்தவுடன் தெரியாது. கூட்டலை ஷீட்டின் ஃபார்முலா செய்யட்டும். அந்த ஃபார்முலாவை எழுதித் தரும் வேலையை ஏ.ஐ. நன்றாகவே செய்கிறது.

வாய்ஸ் மெசேஜ் ஆண்ட்ராய்டில் ஓபஸ் ஃபைலாகச் சேமிக்கப்படும். சில கருவிகள் அதை ஏற்பதில்லை, எம்பி3 ஆக மாற்ற வேண்டியிருக்கும். மிக்ஸர் ஓடும்போது பேசியதை எந்தக் கருவியாலும் உருப்படியாக எழுத முடியாது. ஐம்பதடி தள்ளி நின்று, எண்களை இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பின் எக்ஸ்போர்ட் சாட் வசதி எழுத்துச் செய்திகளைத்தான் உரையாகத் தரும்; பேசியது அதில் எழுத்தாக வராது.

அடுத்தது அட்டவணை. "1,000 சதுர அடி வீட்டுக்கு அட்டவணை போடு" என்று கேட்டால் அரை நிமிடத்தில் அழகான பட்டியல் வரும். அந்த அழகில்தான் ஆபத்து. வழக்கமான பிழை, எலக்ட்ரிக் வேலையை மொத்தமாகப் பூச்சுக்குப் பக்கத்தில் வைப்பது. ரூஃப் கான்கிரீட்டுக்கு முன்பே பைப்பும் ஃபேன் பாக்ஸும் கம்பிக்குள் போயிருக்க வேண்டும். பாத்ரூம் பைப் இறங்கும் இடத்தில் ஸ்லீவ் (பைப் நுழைய வழிவிடும் குழாய்த் துண்டு) வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் தளத்தைக் கொத்த வேண்டிவரும், அங்கே ஒழுகும். அதனால் ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முன்னால் "எலக்ட்ரீஷியன், பிளம்பர், கம்பி சரிபார்ப்பு" என்ற மூன்று வரியை நீங்களே நுழைத்து, அவை முடியாமல் கான்கிரீட் தேதி போடக்கூடாது என்று விதியாகக் கொடுங்கள்.

சென்ட்ரிங் பிரிக்கும் நாள் அதைவிட முக்கியம். ஒரு தடவை கேட்டால் 7 நாள் என்று வரும், இன்னொரு தடவை 21, சில நேரம் எல்லாவற்றுக்கும் 28. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456:2000 வேறு மாதிரி பிரிக்கிறது. தூண், பீம் பக்கப் பலகைகள் 16 முதல் 24 மணி நேரம். தளத்தின் முட்டுகள், தாங்கும் தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் முட்டுகள் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். 4.5 மீட்டர் என்பது ஏறத்தாழ 14 அடி 9 அங்குலம். 12 அடி ஹாலுக்கும் 16 அடி ஹாலுக்கும் ஒரு வார வித்தியாசம் வருவது இதனால்தான். மேலும் இந்த நாட்கள் கலப்பில்லாத சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கு. பி.பி.சி. (எரிசாம்பல் கலந்த சிமெண்ட்) மூட்டை என்றால் கூடுதலாக எத்தனை நாள் என்பதை இன்ஜினியர் சொல்ல வேண்டும். அறை அளவும் சிமெண்ட் வகையும் கொடுக்காமல் கேட்டால் எந்த ஏ.ஐ.யும் ஊகித்துத்தான் சொல்லும். சென்ட்ரிங் ஷீட் வாடகை நாள் கணக்கில் ஓடும்போது அந்த ஊகம் 7 என்று வந்தால் கை தானாகப் பிரிக்கப் போகும். ஆகவே இந்த நாட்களை ஏ.ஐ.யிடம் கேட்காதீர்கள், நீங்கள் கொடுங்கள்.

நீராற்றுவதும் அப்படித்தான். குறைந்தது 7 நாள் என்பது ஓ.பி.சி.க்கு. காய்ந்த வெயிலில் 10 நாளுக்குக் குறையக்கூடாது; பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டச் சொல்கிறது அதே விதி. கத்திரியில் வேலூர் வெயில் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். பொதுவாகப் போட்ட அட்டவணைக்குத் தெரியாது. மாதத்தையும் ஊரையும் சொல்லி 14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் என்று எழுதிவிட்டால், தினமும் காலையில் நினைவூட்டும் வரியை அது தவறாமல் தயாரிக்கும். இந்த ஒன்றுக்காகவே பயன்படுத்தலாம்.

ஆள் வராத நாட்கள் இன்னொரு ஓட்டை. பொங்கல், தீபாவளி ஏ.ஐ.க்குத் தெரியும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்பதும், ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, வள்ளிமலைப் பக்கம் ஆள் கிடைக்காது என்பதும் அட்டவணையில் தானாக வராது. முகூர்த்தம், அஷ்டமி, நவமி கேட்டால் தயங்காமல் தேதி சொல்லும். பல நேரம் தப்பாக. நிலை வைக்கும் நாளைத் தினசரி காலண்டரில் பார்த்து நீங்களே எழுதுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடைக்கால் தோண்டுதல், வெளிப்பூச்சு இரண்டுக்கும் கூடுதல் நாள் விடச் சொல்வதும் உங்கள் பொறுப்பு.

பொருள் கணக்கைச் சரிபார்க்க ஒரு சோதனை போதும். பத்து சதுரம் ரூஃப், 5 அங்குல கனம், 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை. கன அளவு சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். உலர்ந்த பொருள் கலக்கும்போது சுருங்கும் என்பதற்கு 1.54 ஆல் பெருக்கினால் சிமெண்ட் சுமார் 95 மூட்டை, எம்-சாண்ட் 1¾ யூனிட், ஜல்லி 3½ யூனிட். பீம் இதில் சேராது. ஏ.ஐ. 62 மூட்டை என்று சொன்னால் அந்த 1.54 ஐ விட்டுவிட்டது என்று அர்த்தம். மதியம் இரண்டு மணிக்கு மூட்டை தீர்ந்து கான்கிரீட் பாதியில் நின்றால், அந்த இணைப்பில் பின்னால் ஒழுகும். கம்பிக்கும் ஒரு சோதனை: மி.மீ. விட்டத்தை வர்க்கமாக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை. 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் 10.67 கிலோ. கடை பில்லைப் போட்டோ எடுத்துப் போட்டால் அச்சுப் பில்லை நன்றாகப் படிக்கிறது. கையெழுத்துப் பில்லில் 1, 7 இரண்டும் இடம் மாறும். எடையை இந்தச் சூத்திரத்தால் ஒத்துப்பாருங்கள்.

மூன்றில் அதிகம் பேசப்படாதது நோட்புக் எல்.எம். ஆனால் வீட்டுக்காரரோடு வரும் தகராறுக்கு அதுதான் உதவும். ஒப்பந்தம், எஸ்டிமேட், வரைபடம், பேசி முடித்த மாற்றங்கள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு "சம்ப் நம் கணக்கா, அவர் கணக்கா" என்று கேட்டால், பதிலோடு எந்த ஆவணத்தின் எந்த வரி என்றும் காட்டும். அந்த வரியைத் திறந்து படித்த பிறகு பேசுங்கள். ஸ்கேன் செய்த ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் கம்பி இடைவெளியை மட்டும் இதனிடம் கேட்க வேண்டாம். 150 ஐ 180 என்று படித்தால் கண்டுபிடிக்க ஆள் இருக்காது.

கட்டட அனுமதி விஷயத்தில் ஏ.ஐ.யிடமிருந்து பழைய தகவல் வரும். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குப் பொருந்தும். இதைக் கணக்கில் எடுக்காமல் பதில் சொன்னால் அந்தப் பதிலை முழுவதுமாகத் தள்ளிவிட்டு அரசு இணையதளத்தைப் பாருங்கள்.

செலவுக்கு வருவோம். ஒன்றிரண்டு வீடு என்றால் இலவசப் பதிப்பே போதும். நான்கு வீடு, தினமும் போட்டோ, வாய்ஸ் என்று போனால் வரம்பு இடிக்கும். சாட்ஜிபிடி கோ திட்டம் 2025 ஆகஸ்டில் மாதம் 399 ரூபாய்க்கு அறிமுகமானது. அது ஒரு சிமெண்ட் மூட்டைக் காசுக்குக் கிட்டத்தட்ட வரும், கொடுக்கலாம். பணம் கட்டும் முன் அமைப்புகளில் டேட்டா கன்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய், உரையாடலைப் பயிற்சிக்கு எடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வீட்டுக்காரரின் பத்திரம், ஆதார், வங்கிக் கடன் தாள் எதையும் ஏற்றாதீர்கள். அவை நம்முடையவை அல்ல.

சனிக்கிழமை மதியமே வார ஷீட்டை மேஸ்திரியிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் நோட்டோடு சேராத வாரத்தில் நோட்டைப் பார்த்துக் கூலி கொடுத்துவிட்டு, எந்த நாள் எந்தச் சொல்லில் தப்பியது என்று தேடி, அந்தச் சொல்லைச் சொற்பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.