கூகுள் காலண்டர் வீட்டு வேலையைப் பங்கு போடுமா?

வீட்டு வேலையைப் பிரித்துக்கொள்ள ஆப் கேட்டால் பலரும் கைகாட்டுவது கூகுள் காலண்டரைத்தான். காசு இல்லை, பல போன்களில் ஏற்கெனவே இருக்கிறது. செய்யும் வேலையைப் பிரிப்பதில் கெட்டிதான். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையில் சறுக்குகிறது. பெண்கள் தலையில் குவிந்து கிடப்பதோ அதுதான்.

கூகுள் குடும்பக் குழு தொடங்கினால் நிர்வாகி ஒருவர், கூடவே 5 பேர். பொதுக் காலண்டர் தானாக வந்துவிடும். ஆனால் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் நிர்வாகி கையில். கணவர் நிர்வாகியாக இருந்து, எல்லோருக்கும் பொதுவான குடும்பக் கட்டண முறையையும் வைத்திருந்தால், அதில் மனைவி வாங்கும் பொருளுக்கும் ரசீது கணவர் மின்னஞ்சலுக்குப் போகும். வேறு குழுவுக்கு மாறுவதும் 12 மாதத்துக்கு ஒரு முறைதான். காலண்டருக்காக மட்டும் என்றால் இந்தக் குழுவே வேண்டாம். கணினியில் தனிக் காலண்டர் ஒன்றை உருவாக்கி, திருத்தவும் பகிர்வை நிர்வகிக்கவும் மற்றவருக்கு முழு அனுமதி கொடுங்கள். பார்க்க மட்டும் அனுமதித்தால் ஒருவர் மேலாளர், இன்னொருவர் வேடிக்கை பார்ப்பவர்.

அடுத்த தலைவலி நினைவூட்டல். பகிர்ந்த காலண்டரில் அவரவர் அலர்ட்டை அவரவரே வைக்க வேண்டும். மனைவி வைத்தது அவள் போனில்தான் அடிக்கும். பிறகு "என்னங்க, நேரமாச்சு" என்று அவளே குரல் கொடுக்க வேண்டும், அலாரத்துக்கு அலாரமாக. செய்ய வேண்டியதைக் குறித்துவைக்கும் டாஸ்க் பகுதி பகிர்ந்த காலண்டரில் ஏறவே ஏறாது. கூகுளின் குறிப்பு ஆப்பான கீப்பில் பட்டியலைப் பகிரலாம், ஆனால் நினைவூட்டல் அதை வைத்தவருக்கு மட்டும்தான் வரும். எனவே வேலையை நிகழ்வாகப் போட்டு, செய்பவரை அதில் விருந்தினராகச் சேர்க்க வேண்டும். அப்போது அது அவர் சொந்தக் காலண்டரிலும் ஏறும், அவர் அலர்ட்டும் அடிக்கும்.

2019இல் சமூகவியலாளர் அலிசன் டாமிஞ்சர் வெளியிட்ட ஆய்வு, வீட்டுக்கான மூளை வேலையை நான்காகப் பிரித்தது: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது கணவரும் வந்து உட்காருகிறார். முதலும் கடைசியும் பெரும்பாலும் மனைவிக்கே. காலண்டரோ முடிவு எடுத்த பிறகுதான் வேலைக்கு வருகிறது.

குழந்தைக்குத் தடுப்பூசி என்று வையுங்கள். "சனி 10 மணி, ஊசி, அப்பா" என்று அவள் பதிந்தால் அப்பாவின் பங்கு வண்டி ஓட்டுவது மட்டும். அட்டையில் தேதி பார்த்ததும் அப்பாயின்ட்மென்ட் வாங்கியதும் அவள். முழு வேலையும் கைமாற வேண்டுமென்றால் அப்பாவே மூன்று பதிவு போட வேண்டும்: மாதம் 1ஆம் தேதி அட்டை பார்க்க, அப்பாயின்ட்மென்ட் வாங்க, கூட்டிப்போக. ஊசி போட்ட அன்றே அடுத்த தேதியை ஏற்றுவதும் அவர் பொறுப்பு.

ஒரு மாதம் கழித்து, பகிர்ந்த காலண்டரில் யார் எத்தனை பதிவு போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். முக்கால்வாசி ஒரே ஆள் போட்டது என்றால் ஒரு துறையை, உதாரணமாகப் பள்ளி சம்பந்தப்பட்டதை, மொத்தமாக அழித்துவிட்டு மற்றவரையே புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் ஏதாவது விட்டுப்போகும். அப்போது இடையில் புகுந்து திருத்தக் கூடாது.