பலாட்ரோ: ஜோக்கரை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் ஆட்டம்

ரம்மி ஆடிப் பழகியவர்கள், போக்கர் சீட்டு வரிசைகளை வைத்துப் புள்ளி சேர்க்கும் பலாட்ரோ என்ற வீடியோ கேமில் முதலில் தடுமாறுவது ஜோக்கரிடம்தான். இங்கே ஜோக்கர் விடுபட்ட சீட்டுக்குப் பதிலாக வராது. கைச்சீட்டோடு சேரவே சேராது. திரையின் மேல்பக்கம் தனியாக ஐந்து இடங்களில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் இறக்கும் சீட்டுகளின் புள்ளியை ஏற்றிவிடும். மொத்தம் 150 ஜோக்கர்கள். கனடாவில் ஒரே ஒருவர் உருவாக்கிய இந்த கேம் 2024 பிப்ரவரியில் கணினிக்கும் கன்சோல்களுக்கும் வந்தது, செப்டம்பரில் மொபைலுக்கும் வந்துவிட்டது.

கணக்கு எளிது: சிப்ஸ் என்ற அடிப்படைப் புள்ளியை மல்ட் என்ற பெருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். ஆட்டினில் (ஹார்ட்ஸ்) ஏஸ், ராஜா, 10, 8, 5 என ஒரே இனத்தில் ஐந்து சீட்டு இறக்கினால் அது பிளஷ். பிளஷுக்கு அடிப்படை 35 சிப்ஸ், 4 மல்ட். ஏஸுக்கு 11, ராஜாவுக்கு 10, மற்றவற்றுக்கு அதனதன் எண் என்று கூட்டினால் 79. நான்கால் பெருக்க 316. முதல் சுற்றில் எடுக்க வேண்டியது 300 என்பதால் ஒரே இறக்கில் முடிந்தது.

அடுத்ததுதான் பலரும் கோட்டை விடும் இடம். ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்யும். பிளஷுக்கு 10 மல்ட் கூட்டும் 'ட்ரோல் ஜோக்கர்' இருக்கிறது. அதே சுற்றில் ஒரே வகைக் கையை மறுபடி இறக்கினால் மல்ட்டை மூன்றால் பெருக்கும் 'கார்டு ஷார்ப்' இருக்கிறது. கூட்டுவதை இடப்பக்கம் வைத்தால் 4+10=14, அதை மூன்றால் பெருக்க 42; இரண்டாவது பிளஷுக்கு 3,318 புள்ளி. மாற்றி வைத்தால் 4×3=12, அதோடு 10 சேர்த்து 22; வெறும் 1,738. ஆன்ட்டி என்பது மூன்று சுற்றுகள் கொண்ட ஒரு கட்டம்; அதன் கடைசிச் சுற்றுதான் பாஸ். மூன்றாம் ஆன்ட்டியின் பாஸுக்குப் பெரும்பாலும் 4,000 வேண்டும். முதல் பிளஷ் தரும் 1,106-ஐச் சேர்த்தால் ஒரு வரிசையில் இரண்டே இறக்கில் தாண்டிவிடலாம், இன்னொன்றில் 2,844-லேயே நின்றுவிடும். சீட்டு அதேதான், ஜோக்கர்களும் அவையேதான். விரலால் இழுத்து இடம் மாற்ற ஒரு நொடி போதும். இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய பலன் தரும் கேம் அபூர்வம்.

கேமுக்குள் கிடைக்கும் காசு விஷயத்தில் அவசரம் கூடாது. கையிருப்பில் ஒவ்வொரு 5 டாலருக்கும் சுற்று முடிவில் 1 டாலர் வட்டி, அதிகபட்சம் 5. ஆக 25 டாலரைத் தொடாமல் வைத்திருப்பவருக்கு, சுற்றுகளுக்கு இடையே வரும் ஜோக்கர் விற்கும் கடையில் எப்போதும் கை ஓங்கியிருக்கும். ஆனால் முதல் ஆன்ட்டியிலேயே கஞ்சத்தனம் பிடித்தால் ஜோக்கர் இல்லாமல் தோற்பீர்கள். மல்ட் கூட்டும் ஒன்றை முதலில் வாங்கிவிட்டுச் சேமிக்கத் தொடங்குங்கள். கடைச் சரக்கை மாற்ற முதல் தடவை 5 டாலர், அதே கடையில் அடுத்தடுத்து 6, 7 என ஏறும். வட்டி போவது பெரும்பாலும் இதில்தான்.

ஆட்டின் இனத்தையே நம்பி ஆடுபவர்களுக்கு 'த ஹெட்' என்ற பாஸ் எமன். ஆட்டின் சீட்டுகள் பிளஷ் ஆகச் சேரும், ஆனால் அவற்றின் சிப்ஸ் கணக்கில் வராது. 79 வெறும் 35 ஆகிவிடும். எந்த பாஸ் வரப்போகிறது என்பது ஆன்ட்டி தொடங்கும்போதே திரையில் தெரியும். நடுவில் இரண்டு கடைகள் வருகின்றன. அங்கே பிளஷின் மட்டத்தை ஏற்றும் வியாழன் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள்: மட்டத்துக்கு 15 சிப்ஸ், 2 மல்ட் கூடும். கடைசியான எட்டாம் ஆன்ட்டியின் பாஸ் பெரும்பாலும் 1,00,000 கேட்கும் என்பதால் கூட்டலை மட்டும் நம்பி அதுவரை போவது கடினம். நாலாவது, ஐந்தாவது ஆன்ட்டிக்குள் பெருக்கும் ஜோக்கர் ஒன்றாவது வந்திருக்க வேண்டும்.

குறை என்றால், இறக்குவதற்கு முன் மொத்தப் புள்ளி எவ்வளவு வரும் என்று கேம் காட்டாது. கடைசி இறக்கில் மனக்கணக்குப் போட்டே ஆக வேண்டும். தமிழில் ஆட வழியில்லை. மொபைலில் ஜோக்கர் விளக்கங்கள் பொடி எழுத்தில் வருவதால் டேப்லெட் நல்லது. எல்லாவற்றிலும் கடினமான நிலையான கோல்ட் ஸ்டேக்கில் வாடகை கேட்கும் ஜோக்கர்கள் வந்து, திறமையைவிட அதிர்ஷ்டத்தின் பங்கு கூடிவிடுகிறது.

உண்மைப் பணம் வைத்து ஆடுவது இதில் இல்லை. உள்ளே உண்மைக் காசு கேட்கும் கடையும் இல்லை. ஒருமுறை வாங்கினால் இணையம் இல்லாமலும் ஆடலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் சிவப்புச் சீட்டுக்கட்டையே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மூன்றுக்குப் பதில் நான்கு முறை சீட்டைக் கழித்து வேறு எடுக்கலாம், பிளஷ் தேடுபவருக்கு அந்த ஒன்று பெரிய உதவி.