ஓடிஜி அடுப்பும் ஆறு வருட ரொட்டிக் கணக்கும்

ரொட்டி, கேக் சுடும் சின்ன மின்சார அடுப்பைத்தான் ஓடிஜி என்கிறார்கள். என்னுடையதை 2019 டிசம்பரில் வாங்கினேன். 28 லிட்டர், 1500 வாட், மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, உள்ளே ஒரு சின்ன விசிறி. விலை 7,500 ரூபாய். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த மாடல் இப்போது வருவதும் இல்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி கடலூர்க் காற்றின் குறை. அதற்குக் கம்பெனி என்ன செய்யும்?

வாங்கும்போது வீட்டுக்காரரிடம் சொன்ன காரணம் சிக்கனம். வாரத்துக்கு இரண்டு பிரெட் பாக்கெட், பிள்ளைகளுக்குப் பன், மழை வந்தால் பப்ஸ், பிறந்தநாள் கேக், எல்லாம் கடையில். இதையெல்லாம் வீட்டிலேயே செய்தால் ஒரே வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்று ஒரு நோட்டில் எழுதியே காட்டினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. பணம் வர கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஆனது.

கணக்கு இதுதான். ஒரு ரொட்டிக்கு மைதா 150 கிராம், ஆட்டா 150 கிராம், தண்ணீர் 200 மில்லி, உப்பு 6 கிராம், ஈஸ்ட் 4 கிராம், கொஞ்சம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். வெந்து ஆறியதும் 470 கிராம் நிற்கும். சாமானும் கரண்டும் சேர்த்து இன்றைய விலையில் 25 ரூபாய் போல ஆகிறது. கடையில் இதைவிட எடை குறைந்த பாக்கெட் 45, 50. ஆக ஒரு ரொட்டிக்கு 20, 25 ரூபாய் மிச்சம். முதல் சில வருடம் அதுவும் 15தான். அந்த வருடங்களில் வாரம் இரண்டு என்றால் வருடத்துக்கு இரண்டாயிரத்தை எட்டாது. இதில் டின் இரண்டு வாங்கிய காசு, உள்ளே வைக்கும் வெப்பமானி வாங்கிய காசு, கரியாகிப்போய் மாட்டுக்கு வைத்த முதல் எட்டு ரொட்டியின் காசு எல்லாம் கழிய வேண்டும். பிசைகிற கைக்குக் கூலி போட்டால் நான் இன்றும் நஷ்டத்தில்தான் இருக்கிறேன்.

அதனால் "பிரெட் செலவைக் குறைக்க ஓடிஜி வாங்கலாமா" என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் என் வீட்டில் அது லாபத்தில் ஓடுகிறது. அந்த லாபம் ரொட்டியில் வரவில்லை. அதைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை, அம்மா.

முதல் வருடம் அம்மா அந்த அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் ரொட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு சுவிட்சை அணைத்தேன். அம்மா கதவுக் கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தார். "ஏண்டி, இவ்ளோ அனல் இருக்கு. சும்மா விட்டுடுவியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு தட்டில் பச்சை வேர்க்கடலையைப் பரப்பி உள்ளே தள்ளிவிட்டார். கால் மணி நேரம் கழித்து எடுத்தால் தோல் கையிலேயே உரிகிறது. கடலையை எடுத்த இடத்தில் ரவை போனது. ரவைக்கு அப்புறம், முந்தின வாரத்து ரொட்டியின் காய்ந்த ஓரத் துண்டுகள் ராத்திரி முழுக்க உள்ளேயே கிடந்தன. காலையில் அவை மொறுமொறுவென்று இருந்தன. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் கட்லெட்டுக்குத் தூள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பு ஒரு தடவைதான் சூடாகும். சூடேறுகிற அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலேயே சர்க்கரைவள்ளிக் கிழங்கு உள்ளே போய்விடும். அப்புறம் இரண்டு டின் ரொட்டி. அது வெளியே வந்ததும் கடலை, ரவை, இல்லாவிட்டால் பொடிக்கான பருப்பும் மிளகாயும். கடைசி அனலில் கறிவேப்பிலை. மொத்தத்துக்கும் மீட்டரில் ஒரு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். பருப்பு வறுக்கும் கேஸ் மிச்சம், கடைக் கடலை மிச்சம், ரஸ்க் மிச்சம். சிலிண்டர் இப்போது முன்பைவிட நாலைந்து நாள் கூடுதலாக வருகிறது.

கரண்ட் விஷயத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். மொத்தம் 500ஐத் தாண்டினால் 101-வது யூனிட்டிலிருந்தே விலை கூடிவிடும் என்பதைப் பலர் பில் வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். மே, ஜூனில் ஏசி ஓடுகிற வீட்டில் ஓடிஜியும் ஓடினால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவோம். அந்த இரண்டு மாதம் நாங்கள் ரொட்டி சுடுவது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான். எப்படியும் அந்த வெயிலில் சமையலறையில் யார் நிற்பது?

அனலை வீணாக்கக் கூடாது என்பது அம்மாவுக்குப் பழக்கம் கூட இல்லை, உடம்போடு வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு. பக்கவாட்டில் அடியில் ஓட்டை போட்ட தகர டின். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரம் அறுக்கும் மில்லில் வாங்கிய தூளைக் கொட்டி, கட்டையால் இடித்து இடித்து இறுக்க வேண்டும். பிறகு பாட்டிலைத் திருகி மெதுவாக உருவினால் நடுவில் குழாய் மாதிரி வழி நிற்கும். கீழ் ஓட்டையில் சவுக்கு மிளாறு ஒன்றைக் கொளுத்திச் சொருகிவிட்டால் போதும், சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் என்று மணிக்கணக்கில் தானாக எரியும். பாட்டிலை உருவும்போது கை ஆடினால் தூள் சரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஆடாமல் உருவியதற்காக எனக்கு ஒரு தடவை ஐந்து பைசா கிடைத்திருக்கிறது. சமையல் முடிந்து கனன்றுகொண்டிருக்கும் தூளில் கத்தரிக்காயும் பனங்கிழங்கும் சுடுவோம்.

"அதெல்லாம் எவ்வளவு நல்லா இருந்தது இல்லம்மா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். "நல்லா இருந்துச்சு உனக்கு. ஊதினது நானு" என்றார். அதோடு நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ரொட்டிக்கு வருகிறேன். அம்மா பிறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில், 1949இல். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது ஐந்து வயது. கொடி இறங்கியது எதுவும் நினைவில்லையாம். நினைவில் இருப்பது பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அந்தத் தாத்தா தினமும் காலையில் முழங்கை நீள ரொட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவாராம். பிய்த்துக் காப்பியில் தோய்ப்பார், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் தோய்ப்பார். திண்ணையில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஓரத்து மொட்டை முனையைக் கொடுப்பார். அது கடிக்கக் கல் மாதிரி இருக்கும், ஊறினால் இனிக்கும் என்று சொல்லும்போது அம்மாவின் தாடை இப்போதும் அசைகிறது.

கல்யாணமாகி இருபது கிலோமீட்டர் தள்ளிக் கடலூருக்கு வந்தால் ரொட்டியின் அர்த்தமே மாறிவிட்டது. இங்கே அது நோயாளி சாப்பாடு. மெழுகுத் தாள் சுற்றிய ரொட்டியோடு தெருவுக்குள் நுழைந்தால் நாலு பேர் கேட்பார்கள், "யாருக்குக் காய்ச்சல்?" என்று. என் சின்ன வயதிலும் அப்படித்தான். சுடுபாலில் ஊறிய ரொட்டி என்றால் கூடவே டானிக் வாசனையும் வரும் எனக்கு. காய்ச்சல் வந்தால் தேவலை என்று நினைத்த நாட்களும் உண்டு.

சரி, செய்முறையில் இந்த ஊர் வெயிலுக்காக மாற்றிக்கொள்ள வேண்டியவை சில. வெளிநாட்டுக் குறிப்புகளில் "வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்றரை மணி நேரம் ஊறட்டும்" என்று இருக்கும். சித்திரை மாதத்துக் கடலூர்ச் சமையலறையில் அப்படிச் செய்தால் மாவு பாத்திரத்தைத் தாண்டி மேடையில் நிற்கும், ரொட்டியில் புளித்த வாடை அடிக்கும். வெயில் காலத்தில் பானைத் தண்ணீர், ஈஸ்ட் பாதி, நாற்பது நிமிடம் போதும். மார்கழியில் முழு ஈஸ்ட், ஒன்றரை மணி நேரம். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது தானாகப் பிடிபடும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பார்க்க வேண்டும். உப்பைக் குறைக்காதீர்கள். உப்புதான் ஈஸ்ட்டை அடக்கி வைக்கிறது. நான் ஒரு தடவை மறந்துபோய், ரொட்டி பூதமாக எழும்பி, நடுவில் குழிந்து படுத்தது.

முழுக்க ஆட்டாவில் செய்தால் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் செங்கல். தவிடு மாவின் ஜவ்வை அறுத்துவிடுகிறது, காற்று நிற்காது. பாதிக்குப் பாதி என்பதில் வந்து நின்றுவிட்டேன். ரேஷன் கோதுமையை மில்லில் அரைத்து வாங்குகிற மாதம் தண்ணீர் இன்னும் ஒரு கரண்டி கேட்கும். பிசைவது பத்து நிமிடம், குறைக்காமல். மாவைக் கொஞ்சம் கிள்ளி விரலால் விரித்தால் பின்னால் இருக்கும் வெளிச்சம் தெரிய வேண்டும், கிழியக் கூடாது. வெந்ததும் அடியில் தட்டினால் உள்ளே வெற்றாக இருப்பது மாதிரி சத்தம் வரும். ஒரு மணி நேரம் ஆறிய பிறகுதான் கத்தி. எங்கள் வீட்டில் யாரும் அந்த ஒரு மணி நேரத்தை மதித்தது கிடையாது.

இதில் எதுவும் சேர்க்காததால் மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும், அதுவும் கடற்கரை ஊரில். ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துப்போகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், வேண்டியதை மட்டும் எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போடலாம்.

2020 ஊரடங்கில் ஒரு மாதம் ஈஸ்ட் கிடைக்கவில்லை. "கள்ளு ஊத்துனா பொங்கும்" என்றார் அம்மா. உண்மைதான், கள்ளில் ஈஸ்ட் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, புதுச்சேரி எல்லையும் மூடிக் கிடந்தது. ஆட்டாவும் தண்ணீரும் சம அளவு கலந்து தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவு சேர்த்தேன். ஐந்தாம் நாள் நுரைத்தது. எடுத்த பாதி கோதுமைத் தோசையானது. அந்த ரொட்டி புளித்தது. பிள்ளைகள் தொடவில்லை, அம்மாவும் நானும் கறிக்குழம்பு வைத்துக்கொண்டு தீர்த்தோம்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த நாள். அதுவும் சனிக்கிழமை. கரண்ட் போகும் என்று தெரிந்தே மாவு பிசைந்தது என் புத்தி. டின்னில் மாவு விளிம்புக்கு வந்த நேரத்தில் போனது. அம்மா குக்கரை எடுத்து, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் கல் உப்பை இரண்டு விரல் உயரம் கொட்டி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தார். ஓடிஜி வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டு கேக்கெல்லாம் இப்படித்தான், உப்புக்குப் பதில் ஆற்று மணல். பத்து நிமிடம் காய்ந்ததும் டின்னை இறக்கி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். மேல்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. தோசைக்கல்லில் கவிழ்த்துச் சிவக்க வைத்தோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அது நன்றாகத்தான் இருந்தது.

குறைகள். திருகில் 200 என்று வைத்தால் உள்ளே 170தான் ஏறுகிறது. வெப்பமானி வாங்கும்வரை, வெளுத்த ரொட்டிக்கு என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இடது பின்மூலை மட்டும் தீய்க்கும், பாதி நேரத்தில் டின்னைத் திருப்ப வேண்டும். பவர் பிளக் இல்லாத சமையலறை என்றால் அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில்வர் பீச் எங்களுக்கு இரண்டு கிலோமீட்டர். உப்புக் காற்றில், ரொட்டித் துகள் விழும் அடித்தட்டு இரண்டாவது வருடமே துருப்பிடித்தது. இப்போது அதே அளவில் வெட்டிய தகரம் கிடக்கிறது. கீழ்க் கம்பி ஒன்று நாலாவது வருடம் போனது. சர்வீஸுக்குப் பதிவு செய்து பதினெட்டு நாள் காத்திருந்து, கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மிக்ஸி மெக்கானிக் 600 ரூபாயில் மாற்றிக்கொடுத்தார்.

மறுபடி வாங்குவதாக இருந்தால் இதே அளவுதான் வாங்குவேன். இதற்குச் சின்னதில் இரண்டு டின் நிற்காது, ஒரு ரொட்டிக்காக அடுப்பைக் காய வைப்பது வீண். விசிறி இருக்கட்டும். கோழி சுற்றும் கம்பிக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். எங்களுடையது பரணில், வந்த பாலிதீன் பையிலேயே இருக்கிறது.

டைமர் போன வருடம் நின்றுவிட்டது. திருகை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் அடுப்பு ஓடும், ஆனால் மணி அடிக்காது, தானாக அணையவும் அணையாது. மாற்ற 850 ரூபாய் கேட்டார்கள். அம்மா விடவில்லை. சனிக்கிழமை டின்னை உள்ளே தள்ளியதும் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு, கூடத்து டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்கிறார். திடீரென்று மூக்கை உறிஞ்சி, "திருப்புடி" என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் இடது பின்மூலை அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருக்கும்.